சாரல் அடிச்சா எரியுற மஞ்ச விளக்கு

2024 சீசன்ல நடந்த கதை இது. பாதி எழுதி அப்படியே டிராஃப்டுல தூங்கிட்டு இருந்துச்சு. நேத்து மிக்ஸி டப்பாவ எடுக்கப் பரண்ல ஏறினப்ப, பிரிக்காத ஒரு இக்னிஷன் காயில் டப்பா தலையில விழுந்துச்சா... சரி, இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க மக்களே.

நம்ம வீடு மேலகரத்துல. தென்காசியில இருந்து குத்தாலம் போற வழி. ஆனி, ஆடியில இங்க மழைன்னு ஒண்ணு தனியா பெய்யாது. மலைப்பக்கம் இருந்து காத்து அடிக்கும், அதுல பூ மாதிரி தண்ணி வரும், நனைஞ்சமா இல்லையான்னு நமக்கே சந்தேகமா இருக்கும். அதான் சாரல். வெளியூர்க்காரங்க அத ரசிக்க லீவு போட்டுட்டு வருவாங்க. இங்க இருக்குறவனுக்குத் துணி காயாது, தீப்பெட்டி பத்தாது, அப்பளம் நமத்துப் போகும். கார் என்ன பண்ணும்கறதுதான் இந்தப் பதிவு.

கார் 2017 கடைசியில வாங்குன சின்ன பெட்ரோல் வண்டி. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு அவங்க மேல இல்ல. நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு காயில். அதுவரைக்கும் பெருசா ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல.

ஜூலை முதல் வாரம். ஐந்தருவிக்குச் சொந்தக்காரங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பின் சீட்டுல இருந்து அம்மா கேட்டா, “ஏல, அது என்ன மஞ்சளா தண்ணி மோட்டார் படம் எரியுது?” நான் கவனிக்கவே இல்ல. இன்ஜின் விளக்கு. நிஜமாவே பாக்க கெணத்து மோட்டார் மாதிரிதான் இருக்கு. “ஒண்ணும் இல்லம்மா, சென்சார் எதாவது இருக்கும்”னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்த “சென்சார் எதாவது இருக்கும்” இருக்கு பாருங்க, கார் வச்சிருக்குற அத்தன பேரும் சொல்ற பொய் இது.

வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட இருந்த ஓபிடி குச்சிய எடுத்தேன். தெரியாதவங்களுக்கு: ஸ்டீயரிங்குக்குக் கீழ, முழங்கால் இடிக்கிற இடத்துல, மேல எட்டு கீழ எட்டுன்னு பதினாறு பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்து எல்லாக் காருக்கும் இது கட்டாயம். நம்ம ஊருல பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரல்ல இருந்து ஓபிடி-2 வந்துச்சு; பி.எஸ். 4 நாடு முழுக்கன்னு ஆனது 2017 ஏப்ரல்ல. அதுக்கப்புறம் வாங்குன காருன்னா தைரியமா குனிஞ்சு தேடலாம். அதுல சொருகுற புளூடூத் குச்சி ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். உள்ள இருக்குறது பெரும்பாலும் இ.எல்.எம். 327-ங்குற சிப்போட காப்பி. ஒரிஜினல் கனடாவுல ஒரு சின்னக் கம்பெனி பண்ணினது. முதல் வெர்ஷனுக்குப் பூட்டுப் போடாம விட்டுட்டாங்க, உலகமே காப்பி அடிச்சிருச்சு. கம்பெனிய 2022-ல மூடியாச்சு, காப்பி மட்டும் இன்னும் அமோகமா ஓடுது. (நம்ம பதிவுகள சுடுறவங்க ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.)

சொருகி, போன்ல ஆப்பத் தொறந்தா வந்த கோடு: பி0303.

இத எழுத்தெழுத்தாப் படிக்கலாம். ‘பி’ன்னா இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுன்னு அர்த்தம். அங்க 1 இருந்தா அந்தக் கம்பெனியோட சொந்தக் கோடு. அடுத்த 3, நெருப்புப் பத்துற சமாச்சாரம். கடைசி 03 மூணாவது சிலிண்டர். மொத்தத்துல, மூணாவது சிலிண்டர்ல சரியா பத்தல, அதாவது மிஸ்ஃபயர்.

இத வண்டி எப்படிக் கண்டுபிடிக்குதுங்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சிலிண்டருக்குள்ள எட்டிப் பாக்க அங்க கண்ணு ஒண்ணும் கிடையாது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும்போது ஒரு சிலிண்டர் செகண்டுக்கு 25 தடவ பத்தணும், நாலும் சேர்ந்து 100. ஒவ்வொரு தடவ பத்தும்போதும் கிராங்க் ஷாஃப்ட் இம்மியளவு வேகமாகும். ஒரு தடவ பத்தாம விட்டா இம்மியளவு தயங்கும். கிராங்க் பக்கத்துல இருக்குற சென்சார் அந்தத் தயக்கத்த எண்ணிக்கிட்டே இருக்கு. எந்த நேரத்துல தயங்குச்சுன்னு பாத்து, இது மூணாம் நம்பர்னு கம்ப்யூட்டர் சொல்லுது. வீட்டுல நாலு பேர் மாடிப்படி ஏறும்போது, யாரோட கால் இழுக்குதுன்னு ரூமுக்குள்ள இருந்தே அம்மா சொல்லுவால்ல, அந்த மாதிரி.

இவ்வளவு தெரிஞ்ச நான் அடுத்து என்ன பண்ணியிருக்கணும்? ஃப்ரீஸ் ஃபிரேம்னு ஒண்ணு அதுலயே இருக்கும். தப்பு நடந்த நொடியில வண்டி என்ன வேகம், எத்தன சுத்து, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம்னு போட்டோ புடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்கும். அதப் பாத்திருக்கணும். நான் பண்ணினது, ‘அழி’ன்னு இருந்த பட்டன அமுக்கினேன். விளக்கு அணைஞ்சது. “பாத்தியாம்மா, சரி பண்ணிட்டேன்”னு வேற பெருமை.

அழிச்சா கோடும் போகும், அந்தப் போட்டோவும் போகும். கொலை நடந்த வீட்ட போலீஸ் வர்றதுக்கு முன்னாடி கழுவி விட்ட மாதிரி. 

அஞ்சு நாள் கழிச்சுத் திரும்ப எரிஞ்சது. திரும்ப பி0303. இந்தத் தடவ திருநெல்வேலியில ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். (பேர் கேக்காதீங்க.) போகும்போது என்ன கிறுக்கோ, வழியில விளக்கு எரிஞ்சா மனசு உறுத்துதுன்னு இன்னொரு தடவ அழிச்சிட்டுக் கிளம்பினேன். பாவூர்சத்திரம் தாண்டினதும் சாரல் போச்சு, ஆலங்குளத்துல வெயில், திருநெல்வேலியில வேகாத வெயில். வண்டி பட்டு மாதிரி ஓடுச்சு. அவங்க பெரிய மிஷின மாட்டிப் பாத்துட்டு, “சார், ஒரு கோடும் இல்ல, வண்டி நல்லா இருக்கு. ஸ்பார்க் பிளக் நாலும் மாத்திருவோம், சர்வீஸும் பண்ணிருவோம்”னாங்க. மூவாயிரத்துச் சொச்சம் பில். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. எரிஞ்ச விளக்க எரியலன்னு சொல்றானுவளேன்னு வழியெல்லாம் புலம்பிட்டு வந்தேன். வர்ற வழியில, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு காயிலும் வாங்கிட்டு வந்தேன், இரண்டாயிரத்துச் சொச்சம். சாட்சிய அழிச்சது நான்தான்னு அப்ப உறைக்கவே இல்ல. அவங்க மிஷின் உண்மையத்தான் சொல்லிருக்கு.

இனிதான் விஷயத்துக்கு வர்றேன்.

அம்மாவுக்கு 71 வயசு. இதய வால்வு பிரச்சனை. மூணு மாசத்துக்கு ஒருக்க திருவனந்தபுரத்துல காட்டணும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, அங்க இருந்து குளத்துப்புழை வழியா போனா நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். விடியக்காலம் ஆறரைக்குக் கிளம்பினோம். நான், அம்மா, தங்கமணி. நல்ல சாரல். செங்கோட்டை தாண்டும்போதே விளக்கு எரிய ஆரம்பிச்சது. “எரியுதுல”ன்னா அம்மா. “திரும்பி வந்து பாத்துக்கலாம்மா”ன்னேன்.

புளியரை தாண்டி ஏத்தம். முன்னால எம்-சாண்ட் ஏத்திட்டு கேரளாவுக்குப் போற லாரி, பின்னாலயும் லாரி. ரெண்டாவது கியர்ல அமுக்குறேன், வண்டி உதற ஆரம்பிச்சது. சாதாரண உதறல் இல்ல, காய்ச்சக்காரன் குளிர்ல உதறுற மாதிரி. விளக்கு இப்ப நின்னு எரியல. விட்டு விட்டு மின்னுது.

நின்னு எரிஞ்சா, சீக்கிரம் பாருன்னு அர்த்தம். மின்னினா, இப்பவே காலத் தூக்குன்னு அர்த்தம். பத்தாத பெட்ரோல் அப்படியே வெளிய போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும். உள்ள தேன்கூடு மாதிரி இருக்குற பீங்கான் உருகிப் போற அளவுக்குச் சூடு ஏறும். அத மாத்த ஆகுற செலவுக்குப் பழைய பைக் ஒண்ணு வாங்கிரலாம். இது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எஸ் வளைவுல நிறுத்த இடமில்லாம, பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்க, அம்மா கண்ண மூடி முருகான்னு சொல்ல, மின்ன மின்ன ஓட்டிட்டே போனேன். மேல ஒரு டீக்கடை ஓரமாத்தான் ஒதுக்க முடிஞ்சது.

செங்கோட்டையில டாக்ஸி வச்சிருக்குற சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அவன் வர முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் அம்மா அந்தக் கடை கூரைக்கு அடியில, துண்டத் தலையில போட்டுட்டு, ரெண்டு கையாலயும் டீ கிளாசப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தா. ஒரு வார்த்தை திட்டல. “அந்த மோட்டாருதான் ஒரு மாசமா எரியுதே”ன்னு மட்டும் சொன்னா. டாக்ஸி வந்ததும் தங்கமணி கூட ஏத்தி அனுப்பிட்டு, நான் வண்டியோட நின்னேன். பன்னெண்டு மணிக்கு தங்கமணி போன்: “டாக்டரப் பாத்தாச்சு, எல்லாம் நல்லாருக்காம்.” அதுக்கப்புறம்தான் எனக்குப் பசியே தெரிஞ்சது.

அதுக்குள்ள சாரல் விட்டு வெயில் வந்துருச்சு. ஸ்டார்ட் பண்ணினா... ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி சீராப் பாடுது! விளக்கு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. இந்தத் தடவ நான் அழிக்கல. கால் வைக்காம உருட்டிட்டே வீடு வந்து சேந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி அரசு பஸ் டிப்போவுல முப்பது வருஷத்துக்கு மேல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பதினாறு பின் சாக்கெட்டெல்லாம் அவர் தொட்டதில்ல. போன நீட்டி, பி0303, மிஸ்ஃபயர், இன்டர்நெட்டுல காயில்னு சொல்லுதான், பிளக்குன்னு சொல்லுதான், இன்ஜெக்டர்னு சொல்லுதான்னு அடுக்கினேன். அவர் வெத்தலைய மடிச்சுட்டே கேட்டார்.

“தம்பி, இந்த மிஷினு என்ன சொல்லுது? மூணாவது வீட்டுல இன்னைக்குச் சோறு பொங்கலன்னு சொல்லுது. அவ்வளவுதான? அரிசி இல்லையா, அடுப்பு சரியில்லையா, தீப்பெட்டி நமத்துப் போச்சான்னு நீதானல போய்ப் பாக்கணும். நீ என்னன்னா அடுப்ப மாத்துவமா, பானைய மாத்துவமான்னு நிக்க.”

அடுத்த கேள்வி: “என்னென்னைக்கு எரிஞ்சுது?”

எனக்கு தேதி ஞாபகமில்ல. தங்கமணிதான் போன்ல பழைய வாட்ஸ்அப்பத் தேடிச் சொன்னா. மூணு நாளும், “வெள்ளப்பெருக்கு, ஐந்தருவியில குளிக்கத் தடை”ன்னு நியூஸ் வந்து, அத அவ குரூப்புல ஃபார்வர்டு பண்ணின நாள்! அருவிக்கும் என் காருக்கும் இப்படி ஒரு தொடுப்பு இருக்கும்னு யாரு கண்டா. அப்பதான் ஃப்ரீஸ் ஃபிரேமத் தொறந்தேன். 2650 சுத்து, வேகம் 28 கிலோமீட்டர், தண்ணி சூடு 88 டிகிரி, பாரம் 81 சதவீதம். சூடான இன்ஜின், ஏத்தத்துல முழு மூச்சா இழுக்கும்போது, ஈரத்துல. திருநெல்வேலி வெயில்ல நின்னுட்டு இருந்த வண்டியில அவங்க எதக் கண்டுபிடிப்பாங்க?

நான் புதுக் காயில் டப்பாவப் பிரிக்கப் போனேன். அண்ணாச்சி கையப் பிடிச்சுட்டார். “புதுச மாட்டாத. இருக்குறத எடம் மாத்து.” மூணாவது காயில ரெண்டுலயும், ரெண்டாவத மூணுலயும் போட்டோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர், காயிலுக்கு ஒரு போல்ட், பத்து நிமிஷ வேலை, அஞ்சு பைசா செலவில்ல. கோட இப்ப அழிச்சேன், ஆனா எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிட்டு அழிச்சேன். சாயங்காலம் சாரல்ல இலஞ்சி வரைக்கும் போயிட்டு வந்தோம். காயில் கெட்டுப் போயிருந்தா வியாதி கூடவே போய் பி0302-ன்னு வரணும். விளக்கு எரியுற அளவுக்கு இன்னும் வரல, ஆனா ஆப்புல ‘நிலுவை’ங்குற எடத்துல உட்கார்ந்திருந்தது மறுபடியும் பி0303. காயில் நிரபராதி. பிளக் புதுசு. ரெண்டாயிரத்துச் சொச்சம் போச்சேன்னு நான் முழிக்க, அண்ணாச்சி முகத்துல சிரிப்பு.

மறுநாள் காலையில, தங்கமணி செடிக்குத் தண்ணி அடிக்கிற ஸ்பிரே பாட்டில். வண்டிய ஐடில்ல விட்டுட்டு, சூடான சைலன்சர் பக்கமோ டைனமோ பக்கமோ படாம, மூணாவது காயிலுக்குப் போற வயர் மேல மட்டும் பனி மாதிரி ரெண்டு அடி அடிச்சார். ஒண்ணுமில்ல. கொஞ்சம் கீழ, வயர் இரும்புக் கிளாம்புக்குள்ள வளையுற எடத்துல அடிச்சார். இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கிட்டு உதற ஆரம்பிச்சது. துணியால ஒத்தி எடுத்தார், கொஞ்ச நேரத்துல நின்னுச்சு. திரும்ப அடிச்சார், உதறுச்சு.

எனக்கு கண்ணு கலங்கிருச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? சொன்னது சொன்னபடி கேக்குற குழந்தை மாதிரி ஆயிருச்சு வண்டி.

வண்டிய நிறுத்தி, பேட்டரி மைனஸக் கழட்டிட்டு, டேப்பப் பிரிச்சுப் பாத்தோம். வயரோட தோல் அரை இஞ்சுக்கு இல்ல. காப்பர் பச்சை பூத்து, பாதி இழை அத்துப் போய், கிளாம்ப ஒட்டிக் கிடக்கு. நடுவுல செம்மண் படலம். காஞ்சிருந்தா அந்த மண்ணே தடுப்பு. நனைஞ்சா அந்தச் சேறே கரண்டக் கடத்திவிடும், காயிலுக்குப் போற சிக்னல் அங்கயே இறங்கிரும். ஓரத்துல குட்டிக் குட்டியா பல் தடம்.

எலி!

பேட்டரிக்குப் பின்னால கைய விட்டா கூடே கட்டி வச்சிருக்கு. தேங்காய் நாரு, பானெட்டுக்கு அடியில இருக்குற பஞ்சு, எங்க வீட்டு நியூஸ் பேப்பர், அப்புறம் ஒரு கை நிறைய ரம்புட்டான் தோல். அந்த ரம்புட்டான் யாரு வாங்கினது? நான்தான். அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு குத்தாலம் பஜார்ல கிலோ கணக்குல வாங்கிட்டு வந்து, தின்ன தோல ஷெட் ஓரத்துல பக்கெட்டுல போட்டு வச்சிருந்தோம். சூடான இன்ஜின், பக்கத்துலயே சாப்பாடு. எலிக்கும் சீசன்தான்.

அறுந்த துண்ட வெட்டி எடுத்துட்டு, அதே தடிமன் வயர் வச்சு சால்டர் பண்ணி, சுருங்குற டியூப் போட்டு, மேல துணி டேப் சுத்தினோம். கிளாம்ப ஒரு விரல் தள்ளி மாட்டினோம். மொத்தச் செலவு நூத்துப் பத்து ரூபா. அண்ணாச்சி கூலி வாங்கல. பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் கோழியும் கேட்டார், வாங்கிக் கொடுத்தேன், அதுக்கு ஆனது நூத்துப் பத்து இல்ல :-)

ராத்திரி ஒரு அழிச்சாட்டியம் பண்ணினேன். இலஞ்சி ஓட்டத்துக்கு அப்புறம் சுத்துப்பட்டுல ரெண்டு மூணு தடவ சாரல்ல போயிட்டு வந்ததுல விளக்கு திரும்ப எரிஞ்சிருந்துச்சு. அத அழிக்காம விட்டேன். தப்பு திரும்ப வராம மூணு ஓட்டம் ஓடினா விளக்கு தானா அணையும். கோடு மட்டும் இன்னும் ஒரு நாப்பது தடவ இன்ஜின் சூடாகி ஆறுற வரைக்கும் நினைவுல இருக்கும். வண்டியே சொல்லட்டும், என் விரல் சொல்ல வேண்டாம். முத நாள் ஆய்க்குடி, ரெண்டாவது நாள் கடையநல்லூர், மூணாவது நாள் நல்ல சாரல்ல புளியரை ஏத்தம் வரைக்கும். நாலாவது நாள் காலையில சாவியத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிஞ்சது, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் அணைஞ்சது. மோட்டாரும்தான்.

அக்டோபர்ல அடுத்த செக்கப். அதே வழி, அதே லாரி, நல்ல வேளையா மழையும் இருந்துச்சு. ஏத்தத்துல அம்மா பின் சீட்டுல இருந்து கழுத்த நீட்டி, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலைய விட்டுட்டே வந்தா. ஆரியங்காவு தாண்டி பதிமூணு கண்ணு ரயில் பாலம் வந்ததும், “அங்க பாரும்மா பாலம்”னேன். “நீ ரோட்டப் பாரு, நான் மோட்டாரப் பாத்துக்கிடுதேன்”னா.

டிஸ்கி: ஓபிடி குச்சிய வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க, அந்த சாக்கெட்டுல எப்பவும் கரண்ட் இருக்கும், நாள்கணக்கா விட்டா பேட்டரி இறங்கும். தண்ணி அடிச்சுப் பாக்குற வேலைய விவரம் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம பண்ணாதீங்க, காயில்ல ஷாக் அடிச்சா ஆயிரக்கணக்குல வோல்ட். எலி வெளிச்சத்துல வராதுன்னு யாரோ சொன்னதக் கேட்டு ராத்திரி பானெட்டத் தொறந்து வச்சுப் பாத்தேன். எலி வரல. விடியக்காலம் குரங்கு வந்து ஆயில் குச்சிய உருவிட்டுப் போயிருச்சு. காயில் யாருக்காவது வேணுமா? பிரிக்காத டப்பா, வாங்குன விலைக்கே தர்றேன்.